விரிசல் மேல் ஒட்டிய பட்டை

எங்கள் ஊரில் செத்துப்போன மன்னனின் கல்லறைக்குக் காவலாள் உண்டு, சட்டம் உண்டு, பழுதுபார்க்க வல்லுநர்கள் உண்டு. அந்தக் கல்லறையின் நிழலில் குடியிருப்பவனுக்கு எதுவும் கிடையாது. இந்த அநியாயத்தைத் தன் ஆயுளுக்குள் கொஞ்சமாவது சரிசெய்துவிடலாம் என்று நம்பினாள் ஜெபினிசா யாகூபோவா.

எங்கள் குடியிருப்பான தெக்ரெஸ் மஹல்லாவிலிருந்து தாஷ்கண்டுக்குப் போய்க் கட்டடக் கலை படித்த முதல் பெண் அவள். திரும்பி வந்து, தலை நரைக்கும்வரை பழைய கோபுரங்களுக்கும் மதரஸாக்களுக்கும் நீல ஓடு பதித்தாள். சாரத்தின் உச்சியில் நின்று பார்த்தால் கீழே நாங்கள் தெரிவோம்: மண்கூரைகள், மல்பெரி மரங்கள், காயும் துணிகள். மரச்சட்டத்துக்குள் பச்சைமண் கல் அடைத்த எங்கள் வீடுகளும் பழமையானவைதான். ஆனால் அவற்றில் உயிருள்ள மனிதர்கள் இருந்தார்கள். அதனால் அவை பாதுகாப்புக்குத் தகுதி இழந்தன.

ஓய்வு பெறும் வயதில் வீடு வீடாக வந்தாள். விரிசல் கண்ட சுவர்களில் விரல் அகலத்துக்கு ஜிப்சம் பட்டை ஒட்டி, அதில் தேதி கீறினாள்.

"என்னடி, சுவருக்குப் பிளாஸ்திரி போடுற? காய்ச்சலா அதுக்கு?" என்றாள் ஹோசியத். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பட்டை உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். அதைக் காட்டித்தான் பழுதுபார்க்கப் பணம் கேக்கணும்."

"அப்ப உடையணும்னு வேண்டிக்கவா, உடையக் கூடாதுன்னு வேண்டிக்கவா? தெளிவா சொல்லிட்டுப் போ."

ஜெபினிசா சிரித்துவிட்டாள். "நீ வேண்டிக்கிட்டு எது நடந்திருக்கு? ரொட்டி சுடு, போதும்."

அரசாங்க ஆள் எவனையும் எங்கள் உள்முற்றத்துக்குள் விடமாட்டோம். அங்கே பெண்கள் இருப்பார்கள். இவள் எங்கள் பெண் என்பதால் எல்லாக் கதவுகளும் திறந்தன.

அந்தக் குளிர்காலத்தில் கல்லறையைச் சுற்றிப் போடும் புதிய சாலைக்காகக் குழாய் பதித்தார்கள். அது கசிந்தது. பனி உருகும்போது மண் இளகி, பெரும்பாலான வீடுகளில் பட்டைகள் உடைந்தன. கசிவை அடைத்து அடித்தளத்தைப் பலப்படுத்தினால் போதும், மரச்சட்டங்கள் நன்றாகவே இருக்கின்றன என்று ஜெபினிசா எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"எல்லாம் அபாயக் கட்டடம், இடிச்சாகணும்" என்றார் வந்திருந்த அதிகாரி.

ஜெபினிசா எழுந்தாள். "இந்தச் சுவரு அசையத்தான் செய்யும். அதுக்குத்தான் மரம் வச்சுக் கட்டினாங்க. பூகம்பத்துல உங்க ஆபீஸ் விழுந்துச்சு, இது நின்னுச்சு. முதல்ல குழாயை அடைங்க."

"யாகூபோவா, பட்டையை ஒட்டினது நாங்களா? நீங்கதானே? அசையுற சுவருக்குக் கீழ குழந்தைங்க தூங்கணும்ங்கிறீங்களா?"

எங்கள் குழந்தைகள்மேல் அவர்களுக்கு அன்றுதான் முதல்முறையாகக் கருணை பிறந்தது. புதிய சாலையில் சுற்றுலாப் பேருந்தில் வருபவன் இறங்காமலே கல்லறையைப் பார்த்துவிட வேண்டும். இடையில் நாங்கள் இருந்தோம். இதுதான் விஷயம். சோவியத் நாத்திகர்கள்கூட அந்த மன்னனின் கல்லறையை இடித்ததில்லை. எங்களை அள்ளிப் போட அவர்களுடைய பொறியாளர் ஒருவரின் கையொப்பம் போதுமாக இருந்தது.

வாசலில் ஹோசியத் அவளை மறித்தாள். "என் வீட்டுக்குள்ள யாரையும் விட்டதில்ல நான். உன்னை விட்டேன்டி!"

கோடையில் எல்லாம் தரைமட்டம். இப்போது அங்கே புல்லும் நீரூற்றும். எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வைத்தார்கள். ஜெபினிசாவும் அங்கேதான் இருந்தாள். மாடிப்படியில் எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். விருந்துகளுக்கு அழைப்பு நின்றது. ஒரு நாட்டின் கயமையை ஒரு கிழவியின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அதிகாரியிடம் கோபப்படத் துணிச்சல் வேண்டும். இவளிடம் கோபப்பட எதுவும் வேண்டியதில்லை.

பிறகு ஹோசியத்தின் கணவர் இறந்தார். துக்க வீட்டுக் கதவை யாருக்கும் சாத்தக் கூடாது. ஜெபினிசா வந்தாள். பெண்கள் அறையில், அவளுக்குப் பக்கத்தில் நான்.

எதிர்ச்சுவரில் பூவேலைத் துணியொன்று, மற்றவற்றைவிடத் தாழ்வாக, கோணலாகத் தொங்கியது. அதன் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கூரைவரை ஏறியிருந்தது. ஜெபினிசாவின் கண் அங்கே போனதும் ஹோசியத் எழுந்துபோய்த் துணிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"ஹோசியத், அந்தச் சுவரைக் கொஞ்சம் பாக்கட்டுமா?"

"எங்க வீட்டுல விரிசல் கிடையாது."

"இது கான்கிரீட் பலகை. மரச்சுவர் மாதிரி அசைஞ்சு கொடுக்காது, ஒரேயடியா வந்துரும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்காக மட்டும்..."

"டீயைக் குடி ஜெபினிசா. ஆறுது."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தெக்ரெஸ் பெண்கள்தாம். ஒவ்வொருத்தி வீட்டிலும் விரிசலை மறைத்து அப்படியொரு துணி தொங்கியது. என் வீட்டிலும். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெபினிசா கோப்பையை எடுத்துக் குடித்தாள்.