கார் பார்க்கில் பூத்த வசந்தம்

"பிப்ரவரி 26, வியாழன். ரெட்பட் மரத்தில் முதல் பூ. சென்ற ஆண்டைவிட நான்கு நாள் முன்னதாக. இனி உறைபனி இல்லை."

என் நோட்டில் உள்ள இந்தப் பதிவில் தேதி சரி, கிழமை சரி, மரத்தின் பெயரும் சரி. கடைசி வாக்கியம் மட்டும் இருநூறு கறிவேப்பிலை நாற்றுகளைக் கருக்கியது.

சிப் டெஸ்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் பாஸ்கரின் செடிக் கடையில் கவுன்ட்டருக்குச் சேர்ந்தேன். இங்கே தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி நவம்பரில் கராஜுக்குள் போய்விடும். எப்போது வெளியே எடுக்கலாம் என்று பிப்ரவரி முழுக்கக் கேட்பார்கள். பதில் சொல்வது என் பொறுப்பானது. ரெட்பட் பூத்த நாள், எல்ம் துளிர்த்த நாள், மார்ட்டின் குருவி வந்த நாள் என்று வசந்தத்தின் அறிகுறிகளை ஆறு வருடமாக எழுதிவைத்திருப்பவன் நான்தானே.

ரெட்பட் பூத்த அன்றே கடையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: "தொட்டிகளை வெளியே வைக்கலாம்."

பாஸ்கர் தன் நாற்றுப் பண்ணையிலிருந்து கூப்பிட்டார். பண்ணை இருபத்தைந்து மைல் தள்ளி, ஓடையோரப் பள்ளத்தில் இருக்கிறது.

"சார், கிரீன்ஹவுஸ்ல தக்காளிக்கு இடம் வேணும். கறிவேப்பிலைய வெளிய எடுத்துடவா? இங்க ஒரு மரமும் இன்னும் முழிக்கலயே."

"ஆறு வருஷ டேட்டா, பாஸ்கர். தாராளமா எடுங்க."

"துணி போட்டு மூடணுமா?"

"வேஸ்ட்."

மார்ச் 2 காலையில் பண்ணைக்குப் போனேன். நாற்றுகள் வெந்த கீரைபோலத் தொங்கின. முந்தைய இரவுக்கு என் போன் முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியிருந்தது, உறைநிலைக்கு ஆறு டிகிரி மேலே. அது ரவுண்ட் ராக்குக்கு. குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்று படித்திருக்கிறேன். எந்தப் புத்தகம் என்றுகூடச் சொல்ல முடியும்.

கருகிய நாற்றுகள் இருந்த கறுப்பு ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வித்யா என்ற வாடிக்கையாளர் கூப்பிட்டார். பாஸ்கர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், சூப்பர் டேட் குடுத்தீங்க! வீட்டுப் பின்னாடி பேட்டியோல சுவரோரமா வெச்சேன், செடி ஜம்முனு இருக்கு. இந்த வருஷம் புதுசே வாங்க வேணாம்!"

"கேட்டீங்களா சார்? கஸ்டமர்லாம் ஹாப்பி. கடைக்காரன்தான் காலி," என்றார் பாஸ்கர்.

திரும்பி வந்து கடை வாசல் ரெட்பட்டைப் பார்த்தேன். தெற்குப் பார்த்த செங்கல் சுவர் பின்னால், கார் பார்க்கின் தார் முன்னால். இரண்டுக்கும் நடுவில் அது கதகதப்பாக நின்றது. ஆறு வருடமாக நான் பதிவு செய்தது கார் பார்க்கின் வசந்தத்தை. பண்ணை வேலியோர ரெட்பட் மார்ச் 14 அன்றுதான் பூத்தது. இப்போது என் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

ஏப்ரலில் பாஸ்கர் ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து காட்டினார்.

"வேர்லேர்ந்து மறுபடி துளிர்த்திருக்கு சார். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் டேட் சொல்றீங்க."

துளிர்கள் நன்றாக இருந்தன. கருகியவை கறுப்பு ட்ரேயில் இருந்தன; இது பச்சை ட்ரே. நான் கேட்கவில்லை. இவை அதே நாற்றுகள்தானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.