முப்பிடாதி சிஸ்டரின் மூச்சுக் கணக்கு

முப்பிடாதிக்கு வாய் கொஞ்சம் நீளம். கொச்சி மட்டாஞ்சேரியில் இதை யாரும் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அவளே சொல்லிக்கொள்வாள். "சாமி எனக்குத் தொண்டையிலே அள்ளிக் கொடுத்துட்டு, மூளைக்கு வரும்போது கையைத் தட்டிட்டுப் போயிட்டாரு" என்பாள். ஆனால் இந்த அடக்கமெல்லாம் 1981-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் மூளையிலும் குறை உண்டு என்று அவளுக்குத் தகவல் இல்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டு மிளகுக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர். மகளைப் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தில் படிக்கவைத்து, அடம்பிடித்து நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். 1973-இல் படகுத்துறையை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில் வேலை கிடைத்தது. மலையாளி சிஸ்டர்களின் நாக்கில் 'முப்பிடாதி' என்ற அம்மன் பெயர் ஏறவில்லை. பாதியாக வெட்டி 'முப்பி சிஸ்டர்' ஆக்கினார்கள். அவளுக்கு அதிலும் பெருமைதான். வீட்டில் அம்மன், வெளியில் சிஸ்டர் என்று இரண்டு பதவி.

வார்டில் இருபது கட்டில். மழை பிடித்துவிட்டால் பிள்ளைகள் நாற்பதாகிவிடும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, அம்மை, சிரங்கு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். டாக்டர் ராமபத்ரன் பாலக்காட்டுத் தமிழர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். மருந்து அவர் கொடுப்பார், திட்டு இவள் கொடுப்பாள். காய்ச்சல் பிள்ளையை மூன்று கம்பளியில் சுற்றிக்கொண்டு எவளாவது வந்தால், "பிள்ளையைக் கொண்டுவந்தியா, பார்சல் கொண்டுவந்தியா?" என்று கேட்டுக்கொண்டே சுருளை அவிழ்ப்பாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் துடைத்துவிடுவாள். வயிற்றுப்போக்கு நிற்கட்டும் என்று தண்ணீரை நிறுத்திய தாய்க்கு, "வாடுற செடிக்குத் தண்ணி ஊத்துவியா, இருக்கிற தண்ணியையும் நிறுத்துவியா?" என்று கேள்வி. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வைத்துவிட்டுத்தான் அந்தக் கட்டிலைவிட்டு நகர்வாள். அம்மை போட்ட பிள்ளையை இருட்டறையில் பட்டினி போட்டவள் வந்தால் அவள் பாடு திண்டாட்டம். "அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். என் பேரென்ன, தெரியும்லா? நீ பாலைக் கொடு!"

புதன்கிழமை மத்தியானம் வராந்தாவில் தாய்மார்களுக்கு வகுப்பு. டாக்டர் தொடங்கிவைத்தது, இரண்டாவது வாரத்திலேயே முப்பிடாதி பிடுங்கிக்கொண்டாள். பாதி தமிழ், பாதி மலையாளம், மீதி கையும் காலும். சுள்ளிக்கல்லிலிருந்துகூடப் பெண்கள் நடந்து வருவார்கள். திட்டு வாங்க இவ்வளவு தூரம் நடக்கிறார்களே என்று டாக்டருக்கு ஆச்சரியம்.

அந்த வகுப்பில்தான் அவளுடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு பிறந்தது. சளி பிடித்த கைக்குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால் ஆபத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும், ஐம்பதைத் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எங்க வீட்ல ஏது சிஸ்டரே கடிகாரம்? சங்கு ஊதினாத்தான் எங்களுக்கு நேரம்" என்றார்கள் பெண்கள். முப்பிடாதி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு விதி சொன்னாள். பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வை. நீ ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் பிள்ளை எத்தனை மூச்சு விடுகிறது என்று பார். இரண்டு என்றால் வீட்டில் இரு. மூன்று என்றால் தூக்கிக்கொண்டு ஓடி வா.

வார்டில் இருந்த அத்தனை பிள்ளைகளிடமும் கையை வைத்து, அதைக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது. டாக்டர் தலையாட்டி, "கொள்ளாமே, நன்னாயிருக்கே" என்றார். அந்த ஒற்றைத் தலையாட்டலை வைத்துக்கொண்டு அவள் ஆறு மாதம் ஓட்டினாள். வராந்தாவில் தன் பெயரில் ஒரு பலகை வைப்பார்கள் என்றுகூட நம்பினாள். "எந்தப் பேரு வைப்பாங்க, முழுசா, பாதியா?" என்று கேட்டான் புருஷன் பிச்சைமணி. அவனுக்கு பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை, தினமும் படகில் எர்ணாகுளம் போய்வருவான். அன்று அவனுக்குச் சாயா கிடைக்கவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கிய கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்கும். அதைப் பற்றி மட்டும் முப்பிடாதி எந்த வேடிக்கையும் பேசியதில்லை. 1980-இல் கோமதி பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து முப்பிடாதி, தான் திட்டிய தாய்மார்கள் அத்தனை பேரையும் ஒரே ஆளாக நடித்துக் காட்டினாள். பிள்ளை ஒரு தும்மல் போட்டால் போதும், சால்வை மேல் சால்வை. பிச்சைமணி வாசலில் நின்று, "ஏட்டி, பார்சல் கட்டியாச்சா?" என்பான்.

பிள்ளைக்குப் பதினோராம் மாதம் நடக்கும்போது காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்தது. தட்டம்மை. ஊர்ப்பேச்சில் மணல்வாரி. பிச்சைமணி வேப்பிலைக் கொத்தோடு வந்து, திட்டு விழும் என்று தயங்கி நின்றான். "என்ன முழிக்கிறீங்க? நல்லாப் பெருசாக் கட்டுங்க" என்றாள் அறிவியல் படித்த முப்பிடாதி. வார்டுக்கு லீவு சொல்லி அனுப்பினாள். மணல்வாரிதான், வீட்டிலேயே பார்த்துக்கொள்வேன், எனக்குத் தெரியாததா என்று கூடவே ஒரு வரியும் சேர்த்து அனுப்பினாள்.

நான்கு நாள் எல்லாம் சரியாகத்தான் செய்தாள். துடைத்தாள், பால் கொடுத்தாள், கண்ணைக் கழுவினாள். ஐந்தாம் நாள் பொரி அடங்கி, காய்ச்சல் மறுபடி ஏறியது. இருமல். மத்தியானத்துக்கு மேல் பிள்ளை மார்பை வாயில் வாங்கவில்லை. பிச்சைமணி வேலைக்குப் போயிருந்தான். அவளுடைய கைக்கடிகாரமும் அவனோடு பிராட்வேக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. வீட்டு அலாரம் கடிகாரத்தில் நொடிமுள் கிடையாது. அதனால் என்ன, அவளிடம்தான் சொந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறதே. பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தாள். தான் ஒரு மூச்சு விடுவதற்குள் எண்ணினாள்.

இரண்டு.

மறுபடி எண்ணினாள். இரண்டு. இன்னொரு தடவை இரண்டும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று எழுந்தாள். ஆனால் வார்டு கண்ணில் வந்து நின்றது. "முதல்ல எண்ணு, அப்புறம் ஓடி வா" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! இரண்டு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலைவிரிகோலமாக அவளே போய் நின்றால் மானம் கப்பலேறிவிடாதா? ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை எண்ணினாள். ஆறு தடவையும் இரண்டு. நெற்றி வேர்வை பிள்ளையின் மேல் சொட்டியதைத் துடைத்துக்கொண்டு ஏழாவது தடவைக்குக் கையை வைத்தபோது, வாசலில் சீனியம்மாள் வந்து நின்றாள்.

சீனியம்மாள் நான்கு வீடு தள்ளி இருப்பவள், சுக்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், புதன்கிழமை வகுப்புக்கு ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தாள். அந்த மழையில் அவள் மகன் உதடு நீலம் பாய்ந்து வார்டுக்கு வந்தான். "எண்ணச் சொல்லிக்கொடுத்தேனே, எண்ணலையா?" என்று முப்பிடாதி கத்தினாள். எண்ணினேன் என்றாள் சீனியம்மாள். முப்பிடாதி நம்பவில்லை. "பொய் சொல்லாதே. எண்ணியிருந்தா நேத்தே வந்திருப்பே. பிள்ளையைப் போட்டுட்டுத் தூங்கியிருப்பே" என்று வார்டே பார்க்க வெளுத்து வாங்கினாள். பையன் பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்தான். அதற்குப் பிறகு சீனியம்மாள் வகுப்புக்கு வரவில்லை. தெருவில் பார்த்தாலும் தலையை அசைப்பதோடு சரி.

இப்போது அவள் கையில் இரண்டு இளநீர். "கொச்சுப் பிள்ளைக்கு மணல்வாரின்னு கேட்டேன்" என்று உள்ளே வந்தவள், பிள்ளையைப் பார்த்ததும் இளநீரைக் கீழே வைத்தாள்.

"எண்ணினீங்களா சிஸ்டரே?"

"எண்ணினேன். ரெண்டுதான்."

சீனியம்மாள் பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி நிதானமாக ஒரு மூச்சு விட்டாள். "மூணு. மூணைத் தாண்டிப் போகுது."

"இல்லட்டி! நான் ஆறு தடவை..."

சீனியம்மாள் கையைப் பிள்ளையிடமிருந்து எடுத்து, முப்பிடாதியின் நெஞ்சில் வைத்தாள். "உங்க மூச்சைப் பாருங்க. மூட்டை தூக்கிட்டு வந்த ஆள் மாதிரி இரைக்குது. எனக்கு ஒண்ணு ஆகுறதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணரை ஆவுது. இதை வச்சு எண்ணினா ரெண்டுதான் வரும்."

அப்போதுதான் முப்பிடாதி பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழியைப் பற்றி ஐந்து வருஷம் வகுப்பெடுத்தவள், ஒரு மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கியது சீனியம்மாள்தான். முப்பிடாதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் பிச்சைமணியின் செருப்பு. ஆனாலும் வாய் மட்டும் ஓடியது. "தலையை நிமித்திப் பிடி, துணியை விலக்கு, காத்து படட்டும்" என்று பின்னாலேயே வந்தாள். "எல்லாம் நீங்க படிப்பிச்சதுதான் சிஸ்டரே. பயந்து பேடிக்காம நடங்க" என்றாள் சீனியம்மாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். அறுபத்தி நாலு. ஊசி, ஆக்சிஜன். "இன்னும் ரெண்டு மணிக்கூர் ஆத்தில வெச்சுண்டிருந்தா கஷ்டமாயிருக்கும், கேட்டேளா" என்றார் தணிந்த குரலில். போன வருஷம் சேர்ந்த ஒரு சின்ன சிஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எந்தா முப்பி சிஸ்டரே, குறச்சு நேரத்தே கொண்டுவரண்டே?" என்று கேட்டாள், கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவர வேண்டாமா என்று. தன் குரல்தான் அது, தன் இடுப்புதான். முப்பிடாதி திட்டை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கோமதி மார்பைத் தேடிப் பிடித்துக் குடித்தாள். முப்பிடாதி சுவர்ப்பக்கம் திரும்பி அழுது முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, சீனியம்மாள் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தாள்.

"சீனி, அன்னிக்கு உன் மவனுக்கு எண்ணினேன்னு சொன்னியே. எத்தனை வந்துது?"

"ரெண்டு."

"நான் உன்னைப் பொய்க்காரின்னேன்."

"ஆமா. பதினாலு பேரு பாத்துட்டு நின்னாங்க. அதையும் எண்ணினேன்." தூக்கின் மூடியைத் திறந்தாள். "கஞ்சி ஆறுது, குடிங்க."

முப்பிடாதி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வார்டுப் பிள்ளைகளை எண்ணியபோது அவள் மூச்சு சீராக இருந்தது, ஏனென்றால் அவை யாரோ பெற்ற பிள்ளைகள். நன்றாக விளையாடும் பிள்ளையின் மூச்சை எந்தத் தாயும் எண்ண மாட்டாள். பயந்தவள்தான் எண்ணுவாள். பயந்தவளுக்கு இரண்டுதான் வரும். தேவைப்படும்போது மட்டும் தப்பாக ஓடுகிற கடிகாரத்தைச் செய்து, ஐந்து வருஷமாக ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை கோமதி இன்னும் கட்டிலில்தான் இருந்தாள். முப்பிடாதி லீவிலேயே வராந்தாவுக்கு வந்தாள். இருபது, இருபத்தைந்து பெண்கள். கிட்டங்கியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்த சீனியம்மாளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே பெத்தவ மூச்சு எண்ணக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லணும். சண்டைக்காரியா இருந்தா இன்னும் நல்லது" என்றாள். ஏன் என்று கேட்டார்கள். சொன்னாள். ஆறு தடவை எண்ணியதை, பொருந்தாத செருப்பை, சின்ன சிஸ்டரிடம் வாங்கிய திட்டை, பெயர்ப்பலகைக் கனவை எல்லாம் நடித்தே காட்டினாள். வராந்தா சிரித்துக் குலுங்கியது.

"இவ எண்ணினேன்னு சொன்னப்ப நான் இவளைப் பொய்க்காரின்னேன். இவ பொய் சொல்லல. என் கணக்குதான் பொய்" என்றாள் பிறகு. சிரிப்பு அடங்கியது.

தூணோரத்தில் தங்கையின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மீனாக்ஷி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பிள்ளை போன மழையில், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டது.

"எனக்கும் ரெண்டுதான் வந்துது சிஸ்டரே" என்றாள். "நான்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு இத்தனை நாளா..."

இந்தக் கதையைப் பின்னால் எத்தனையோ பேரிடம் முப்பிடாதி சொல்லியிருக்கிறாள். செருப்புவரைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். இந்த இடத்துக்கு வந்தால் அவள் வாய்க்கு வேலை இருக்காது. அன்று அவள் சீனியம்மாளின் கையை விட்டாள். போய் மீனாக்ஷிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சரியாத்தான் எண்ணினே, மோளே. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்."