அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்த திமிங்கிலம்

என் வீட்டுக்காரர் மேல் எனக்கிருந்த கோபங்களில் பாதி தானாகவே ஆறிவிட்டது. அந்த வீடியோ கேமரா கோபம் மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

தொண்ணூற்றேழில் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து, கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினில் எங்களோடு ஆறு மாதம் இருந்தார். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வாயைத் திறந்து எதையும் கேட்காத மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கரையில செத்து ஒதுங்குனதத்தான் பாத்திருக்கேன்மா. உசுரோட ஒரு திமிங்கிலம் பாத்துட்டாப் போதும்."

அவர் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு லீவு போட மனசு வந்தது. மான்டரே கடற்கரை வரை டிரைவ் பண்ணிப் போய், திமிங்கிலம் காட்டும் படகில் ஏறினோம். பெயர்தான் கோடை, குளிர் எலும்பைக் குத்தியது. அப்பா என் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதவை மேல் கடற்சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கத்தின. இவர் வீடியோவில் அதையெல்லாம் எடுக்கவில்லை, அப்பாவைத்தான் எடுத்தார். மாமனாரை எப்படி வைத்துக்கொண்டார் என்று ஊரில் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டுமாம்.

"மாமா, இப்படித் திரும்பி நில்லுங்க. கேமராவப் பாருங்க. அசையாதீங்க, ஃபோகஸ் பண்றேன்."

அப்போதுதான் அது வந்தது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால், ஒரு பஸ் நீளத்துக்கு. அது மூச்சு விட்ட சத்தம் கேட்டது, அழுகிய மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. முதுகு வளைந்து, வால் தண்ணீர் ஒழுக மேலே நின்று, மெதுவாக இறங்கியது. படகில் இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடினார்கள். "அப்பா, திரும்புங்கப்பா" என்று கத்தினேன். அவர் கண் மட்டும் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கழுத்து அசையவில்லை. மாப்பிள்ளை இன்னும் போதும் என்று சொல்லவில்லையே.

"சூப்பரா வந்திருக்கு மாமா" என்று இவர் கேமராவை இறக்கியபோது கடல் சும்மா கிடந்தது. அப்புறம் கரை சேரும் வரை ஒன்றுகூட வரவில்லை.

"ஏம்ப்பா திரும்பல?"

"மாப்பிள பாக்கச் சொல்லும்போது மூஞ்சத் திருப்பிட்டு நிக்க முடியுமாம்மா? மரியாதையா இருக்காதுல்லா."

பெண்ணைக் கொடுத்தவர் கழுத்தையும் சேர்த்தா கொடுக்க வேண்டும்? நான் மட்டும் என்ன கிழித்தேன்? தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். படம் கெட்டுவிடுமே என்று நானும் ஒதுங்கித்தான் நின்றேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்க அப்பாவின் முகமும் ஸ்வெட்டர் பொத்தானும். திமிங்கிலத்தின் ஒரு துளிகூட இல்லை. "ஜூம் ஆயிடுச்சு போல" என்றார் இவர். அதையே கேசட்டில் காப்பி பண்ணி அப்பாவின் பெட்டியில் வைத்தார்.

ஊருக்குப் போனதும் அப்பா ஃபோன் பண்ணினார்.

"கேசட்டு ஓடலம்மா. வெறும் கோடு கோடா வருது. அமெரிக்கா கேசட்டு நம்மூரு டெக்குல ஓடாதாம்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மாப்பிளகிட்ட சொல்லிராத. எல்லாரும் பாத்தோம், ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."