வத்தல் கமறல்

மைக்ரோவேவ் அடுப்பை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் அப்பாவின் மேல்தான் கோபம் வருகிறது.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊரில் அந்தப் பெட்டி முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அடுப்பெரிக்கும் பருத்திமார் விறகின் புகையில் அம்மா இருமுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தாய்மாமா சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். எவர்சில்வர் பாத்திரம் வைக்கக் கூடாது, வெகுநேரம் ஓடவிடக் கூடாது என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "உள்ள தீப் பிடிச்சா கதவ மட்டும் தெறந்திராத யக்கா. மொதல்ல பிளக்கப் புடுங்கு."

அம்மா ஒரே ஒரு நாள் அதில் பால் சுடவைத்தாள். கரண்டு பில் ஏறும், பொம்பளை கை பட்டால் சாமான் வீணாகிவிடும் என்று மறுநாளே அப்பா தடுத்துவிட்டார். பெட்டி நடுவீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. யார் வந்தாலும் அப்பா துண்டை விலக்கிக் காட்டி, குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போன என்னை அதன் மேலிருந்த இங்கிலீஷை வாசிக்கச் சொல்வார். அவருக்குப் பெட்டியும் நானும் காட்சிப் பொருள். அம்மா பழையபடி ஊதாங்குழலோடு இருமினாள்.

மாசியில் களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தபோது திடீர் மழை. மறுநாள் கமிஷன் கடையில் காட்டுவதற்குக் கொஞ்சம் வத்தலாவது காய்ந்தாக வேண்டும். அப்பாவுக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது. சோறு கறி சுடவைக்கிற சாமான், வத்தல் பற்றிக்கொள்ளும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள்.

"ஒந்தம்பி பெரிய இஞ்சினியரு. பேசாம அங்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அப்பா வத்தலை உள்ளே அள்ளிப் போட்டு, குமிழைக் கடைசிவரை திருப்பினார்.

முதலில் ஆவி வந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வத்தல் கறுத்தது, புகைந்தது, தீ எட்டிப் பார்த்தது. "தெறக்காதிய" என்று அம்மா கத்திக்கொண்டே வந்தாள். அப்பா திறந்தார். தீ குப்பென்று வெளியே பாய்ந்ததும், இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடிவிட்டார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்தி, பிளக்கைப் பிடுங்கி, என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். தீ பெட்டிக்குள்ளேயே அவிந்துபோனது.

தெருவே மூக்கைச் சிந்திக்கொண்டு கூடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஊருக்கே தாளிச்சிட்டிய?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்பா அம்மாவைக் கைகாட்டினார். "எல்லாம் இவ பொறந்த வீட்டுச் சீரு. வீட்டையே கொளுத்தப் பாத்துருச்சு."

திறந்ததும் தான், ஓடியதும் தான் என்று அவர் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் திறந்ததைக் கண்ணால் பார்த்திருந்தும், அன்றைக்கு நான் அப்பாவை நம்பி, இனி மாமா வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். பெட்டி ஆட்டுக்கொட்டகைக்குப் போனது. கோழி அதில் முட்டையிட்டது.

சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லார் கண்ணும் தெளிந்துவிட்டது. மறுநாள் காலையில் பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைக்கும்போதும் அம்மாவுக்கு மட்டும் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் கமறுதாம்மா?" என்றேன்.

"ஆமாலே."

எல்லாருக்கும் இறங்கிவிட்ட நெடி அம்மாவுக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.