பாசமில்லாதவளிடம் கேட்ட கேள்வி

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் சங்கரன்கோவிலில் குடியிருந்தோம். தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் எங்கள் தெருவில் யாராலும் எதையும் மறைக்க முடியாது என்று கேலியாகச் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒருவர் மனதில் உள்ளதை மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்தார். அவர் என் மைனி.

எங்கள் பக்கம் கணவரின் அக்காவை மைனி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, எனக்குக் கட்டியும் வைத்தார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலும் அவர் டீச்சர்தான். நான் வைக்கும் குழம்புக்கு மார்க் போடுவார். பத்துக்கு நாலு, பத்துக்கு அஞ்சு. மீன் குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் ஆறு. ஆறுக்கு மேல் நான் வாங்கியதே கிடையாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஆனால் பாத்திரம் கழுவும்போது டமால் டமால் என்று போட்டு என் கோபத்தைத் தெரியப்படுத்திவிடுவேன். "சட்டி உடைஞ்சா புதுசு வாங்கிக்கலாம், கையப் பாத்துக்கோட்டி" என்பார் உள்ளே இருந்தபடியே. எரிச்சல் இன்னும் கூடும்.

ஐம்பது வயதை நெருங்கும்போது மைனிக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இருமல் வந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தோம். சில வாரங்களுக்கு ஒருமுறை தென்காசி, செங்கோட்டை வழியாக மலையேறி இறங்கிப் போய்வர வேண்டும். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருவது என் கணவர். வந்த மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்ப்பது நான். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வாயெல்லாம் புண். ஊசி ஏற்றிய கையில் நரம்பு கறுத்து, கயிறு மாதிரி கிடக்கும். கொத்துக் கொத்தாக முடி கொட்டியபோது, மைனியே என்னைக் கூப்பிட்டு மிச்சத்தையும் வெட்டச் சொன்னார். இனி சீப்பு வாங்கும் செலவு மிச்சம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் என் கணவர் ஒரு காரியம் செய்திருந்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் சபைகளில் அசனம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஊர் முழுக்க ஒரே பந்தியாக உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுவது. அக்காவுக்குச் சுகம் கிடைத்தால் சபைக்கே அசனம் வைப்பேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் பொருத்தனை செய்துவிட்டார். மற்றவர்கள் நேர்த்திக்கடன் என்பார்களே, அதுதான். அதோடு விட்டாரா? சிவகிரிப் பக்கம் போய் ஒரு கிடாக்குட்டியை வாங்கி வந்து, அசனத்துக்கென்றே பின்வாசலில் கட்டிவிட்டார். 

உடம்புக்கு முடிகிற நாட்களில் அந்தக் கிடாவுக்கு அகத்திக்கீரை போடுவது மைனிதான். குட்டி வளர்ந்தது. கொம்பு முளைத்தது. மைனி இளைத்துக்கொண்டே போனார். "ஊரே எனக்குச் சுகம் கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுது. இது ஒண்ணுதான் கிடைக்கக் கூடாதுன்னு பண்ணிட்டிருக்கும்" என்று ஒருநாள் அதன் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒருமுறை என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் தனியே அழைத்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள். இந்த மருந்துக்கு நோய் கேட்கவில்லை. வேறு மருந்து இருக்கிறது, ஆரம்பிக்கலாம். கொஞ்சம் மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் நிறுத்திவிட்டு, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது செங்கோட்டையில் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழமும் உப்பு நார்த்தங்காயும் போட்ட பையை மைனி மடியில் வைத்திருந்தார். மலை இறங்கும்போது குமட்டலுக்கு அதைத்தான் வாயில் ஒதுக்கிக்கொள்வார்.

"டாக்டரம்மா என்ன சொன்னா?"

"புது மருந்து வந்துருக்காம் மைனி. நல்லாக் கேக்குமாம்."

"ஏட்டி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அதற்கு மேல் பொய் வரவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். மைனி கொஞ்ச நேரம் எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"என் தம்பிட்ட கேட்டா ஊசி போடணும்னுதான் சொல்லுவான். சபையில கேட்டாலும் அதான் சொல்லுவாங்க. பாசம் இருக்கிறவங்ககிட்ட கேட்டா நெசம் வராது. உனக்குத்தான் என்மேல பாசம் கிடையாது. அதான் உங்கிட்ட கேக்குதேன். இன்னும் போடணுமா, போதுமா?"

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எத்தனை வாளி வாந்தி அள்ளிக் கொட்டியிருக்கிறேன், எனக்கா பாசம் இல்லை என்று சண்டை போடத் தோன்றியது. பாத்திரம் ஏதாவது கையில் இருந்திருந்தால் போட்டிருப்பேன். ஆனால் அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னை நம்பித்தான் கேட்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பதில் சொல்லப் பயமாக இருந்தது. அதனால் திருப்பிக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்படி இருக்கு மைனி? நீங்க என்ன நினைக்கீங்க?"

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இத என்கிட்ட ஒருத்தரும் கேக்கலட்டி. சாவுக்குப் பயமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பயந்தான். ஆனா இந்த ஊசிக்கு அதவிடப் பயமா இருக்கு. கொஞ்ச நாளாவது சோறு சோறா ருசிக்கணும். ராத்திரி தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப போதும் மைனி," என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். 

மைனி பெருமூச்சு விட்டார். தூக்கி வந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது முகம். பிறகு வடை வாசனை வருகிறது, ஒன்று வாங்கு என்றார். மாதக்கணக்கில் எதையும் வேண்டும் என்று கேட்காதவர். ஓடிப்போய் வாங்கி வந்தேன். பாதி வடை சாப்பிட்டார். பத்துக்கு ஏழு என்றார். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகு, ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "கிடா கட்டிக் கெடக்கேட்டி, எப்படிச் சொல்ல?" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்திய கத்தலில் தறிச் சத்தமே அடங்கிப் போனது. அவிசுவாசம் என்றார். நீ என்ன டாக்டரா என்றார். கடைசியில், "உனக்கு ஆரம்பத்துலருந்தே அக்காவப் பிடிக்காது" என்றார். ஒரே நாளில் இரண்டு பேர் வாயிலிருந்து அதே வார்த்தை. அக்கா சொன்னபோது சுருக்கென்றதுதான், தம்பி சொன்னபோது உடம்பே எரிந்தது.

பின்வாசலில் கிடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவள ஏசாதல. கேட்டது நாந்தான். உன் பொருத்தனைதாம்ல என்னைய ஒவ்வொரு தடவையும் பஸ்ல ஏத்துது. எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்ட. நான் வேண்டாம்னா உன் விசுவாசம் தோத்துப்போச்சுன்னு ஊரு பேசுமேன்னுதான் வாயத் தொறக்கல."

மைனி மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"கிடாவ இப்பமே குடுத்துரு. நான் இருக்கும்போதே அசனம் நடக்கட்டும்."

"சுகம் கிடைக்காம செலுத்தினா அது என்ன பொருத்தனைக்கா?"

"தாய் தகப்பன் இல்லாத ரெண்டு பிள்ளைக, ஒருத்தர்ட்டயும் கையேந்தாம இம்புட்டு தூரம் வந்துருக்கோம்லா. அதுக்கு ஒரு கிடா குடுக்கக் கூடாதா?"

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த சில நாட்கள் என்னிடமும் பேசவில்லை. பிறகு தானே திருவனந்தபுரம் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொன்னதில்லை. வந்ததும் பின்வாசலுக்குப் போய்க் கிடாவுக்குத் தழை போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அங்கிருந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "உன்னைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவர் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

அசனத்துக்கு முன்னால் போதகர் அறிவிப்பில் என்ன சொல்வதென்று தடுமாறினாராம். சுகம் கிடைத்ததற்காக என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். இதுவரை பெற்ற எல்லா நன்மைகளுக்காகவும் என்று சொல்லச் சொன்னார் மைனி. அன்றைக்கு சர்ச் வளாகத்தில் கூட்டம் தாங்கவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் பழைய மாணவர்கள் வந்தார்கள். எங்கள் தெருத் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்தார்கள். பந்தி ஆரம்பிக்கும் இடத்தில் மைனியை நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒவ்வொருவரும் இலையை அவரிடம் நீட்ட, நார்த்தங்காய் ஊறுகாயை அவர் கையால் வைத்தார். மீசை வைத்த ஆட்களெல்லாம் "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று குனிந்து நின்றார்கள். அனேகமாக எல்லாரையும் தெரிந்தது. ஒருவரிடம், வாய்ப்பாடு இப்போதாவது வருமா என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கிடாவை அறுத்ததில் மைனிக்கு வருத்தமா என்று நான் கேட்டேன். அவ்வளவு அகத்தி தின்றது, கறி நன்றாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் அவர் கறி சாப்பிடவில்லை. ரசம் ஊற்றி ஒரு கை சோறு சாப்பிட்டார். சோறு ருசிக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு கிடைத்த மாதங்களைப் பொன்னான காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இருமல் இருந்தது, வலி இருந்தது. மாத்திரை கொடுத்தால் அடங்கும். ஆனால் வாந்தி நின்றது. தூங்கினார். நாங்கள் இருவரும் நிறையப் பேசினோம், நிறையச் சண்டையும் போட்டோம். நான் பாத்திரத்தைப் போடுவேன், அவர் உள்ளே இருந்து பதில் கொடுப்பார். மருந்து நின்றதால் முடி வளர ஆரம்பித்தது. பிறந்த குழந்தைக்கு வருவதுபோல் மெத்தென்று சுருள் முடி.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் மைனி என்னைக் கூப்பிட்டார். "பூ வைக்கிற அளவுக்கு முடி இருக்கா, பாரேன்" என்றார். எங்கள் ஊரில் மல்லிகைக்கா பஞ்சம்? மார்கழிப் பனியில் விலை ஏறிக் கிடந்தாலும் வாங்கி வந்து நெருக்கமாகக் கட்டினேன். விரல் நீளம்கூட இல்லாத முடியில் பூ எப்படி நிற்கும்? ஹேர்பின் குத்தினால் வழுக்கியது. கடைசியில் கறுப்பு நூலால் முடியோடு சேர்த்துக் கட்டி, எப்படியோ நிறுத்திவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்தேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்துக்கு ஒம்பது," என்றார்.

அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்டேன்.

"முழுசாப் போட்டா உனக்குத் தலைக்கனம் வந்துரும்ட்டி" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில், தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றார் என் கணவர்.

இப்போதும் தெரிந்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தால், அனுபவப்பட்டவள் என்று என்னிடம் வந்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? அந்த வைத்தியத்தில் பிழைத்து நன்றாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவரிடம் கேட்டீர்களா என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன். செங்கோட்டை பெஞ்சில் பாசமில்லாதவள் என்று நம்பித்தான் மைனி என்னிடம் கேட்டார். அந்த நம்பிக்கை எப்போது மாறியது என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் அந்த ஒன்பது மார்க் பூவுக்கு மட்டும் போட்டதல்ல என்று, இத்தனை வருடம் கழித்தும், மல்லிகை கட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.