செண்டுமல்லி வாசம்

புனே பக்கம் ஆகுர்டியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிய இன்பநாதனுக்கு, 1999 தசராவுக்கு மறுநாள் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பூஜைக்குச் செண்டுமல்லி மாலை போடுவதற்காக மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிய அருணாச்சலம், அதைத் திரும்ப மாட்டவில்லை. விசாரணையில், "இன்பாதான் கழட்டினான்" என்று கூசாமல் கையெழுத்தும் போட்டான். பத்து வருஷம் இவனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன்! சர்ச்சுக்குப் போகிற இன்பநாதன் எதற்கு மெஷினுக்கு மாலை போடப்போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்தப் பூவின் வாசம் பட்டாலே இன்பநாதனுக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டான். நாலு வருஷம் கழித்து மனைவி மனநல கவுன்சலர் சந்திரிகாவிடம் இழுத்துப்போனாள்.

"கோழைத்தனம் இல்லைங்க. அன்னிக்கு நடந்தது இன்னும் முடியலைன்னு உங்க உடம்பு நினைச்சுக்கிட்டிருக்கு" என்றார் அவர்.

வாராவாரம் போனான். முதலில் பூவின் பெயரைச் சொன்னான். பிறகு படத்தைப் பார்த்தான். எட்டாவது மாதம் சந்திரிகா நீட்டிய பூவையே கையில் வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த மூன்று விரல்களும் நடுங்கவில்லை.

"அருணாச்சலத்தை நினைச்சா இப்ப எப்படி இருக்கு?"

"பூ மேல இருந்த கோபம் போயிடுச்சு மேடம்" என்றான் இன்பநாதன். "அதுவா கையெழுத்துப் போட்டுச்சு?"