பஸ்ஸில் பார்த்த கொப்பி

இன்று காலை ஒரு பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காக மன்னாரிலிருந்து இலுப்பைக்கடவைக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார். பேசாலையில் கருவாடு விற்பவராம்.

நான் இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டவள். எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“கவிதையோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை. தங்கச்சியோட நாலு வருஷமாக் கதை பேச்சு இல்லை. அவளுக்குச் சொல்ல நினைக்கிறதை இதில எழுதிறனான். முதல்ல முழுக்க ஏச்சுத்தான். எழுத எழுதத்தான் பிழை என்னிலயும் இருக்கெண்டு விளங்கிச்சு. இண்டைக்கு அவளிட்டத்தான் போறன்.”

ஒரு வரியைக் காட்டினார்: “நீ அழுதுகொண்டு நிக்க நான் கதவைச் சாத்தினனான்.”

எனக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு வரி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

“பேஸ்புக்கில போடுங்கோ அக்கா, நிறையப் பேர் வாசிப்பினம்.”

“ஐயோ, இது எனக்கு எழுதினது” என்று கொப்பியை மூடிவிட்டார்.

இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் தங்கையின் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், எழுத்து மனிதரை மாற்றும் என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

மன்னிப்பைப் பற்றி மட்டும் ஏழு கவிதைகள் எழுதியிருக்கிறேன். என் அண்ணாவோடு இன்னும் பேச்சில்லை.

அண்ணாவைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவருக்குக் காட்டிவிடாதீர்கள். காட்டினால், என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள்.